மாமியாரைப் பார்த்துக்கொண்ட அனுபவம் போதுமா?

கேள்வி: பக்கவாதத்தில் விழுந்த மாமியாரை 2 வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். போன மாதம் தவறிவிட்டார். இப்போது ஒரு ஏஜென்சியில் ஹோம் நர்ஸ் வேலைக்கு நாளைக்கே வரச் சொல்கிறார்கள். வயது 31, பிளஸ் டூ முடித்திருக்கிறேன். படித்துவிட்டுப் போவதா, அப்படியே போகலாமா? மலம் மூத்திரம் அள்ளுகிற வேலைக்கு எதற்குப் படிப்பு என்கிறார் கணவர்.
- வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புத் தங்கைக்கு, படித்துவிட்டுப் போங்கள். 2 வருடம் ஒரு உயிரைக் காத்திருக்கிறீர்கள், அது பெரிய விஷயம். ஆனால் மாமியாரின் உடம்பு உங்களுக்குப் பழகிய உடம்பு, எந்தப் பக்கம் புரண்டால் அவருக்கு வலிக்கும் என்று சொல்லாமலே தெரிந்திருக்கும். முன்பின் தெரியாதவரிடம் அந்தப் பழக்கம் கைகொடுக்காது.

ஒன்று கேட்கிறேன். அவரை எழுப்பி உட்கார வைக்கும்போது அக்குளில் கைகொடுத்துத் தூக்கினீர்களா? பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் செய்கிறோம். பக்கவாதம் வந்த தோளில் தசையின் பிடிப்பு தளர்ந்திருக்கும், இழுத்தால் மூட்டு விலகலாம். அப்புறம் அந்த வலிக்குப் பயந்தே கையை அசைக்க விடமாட்டார்கள், பிசியோதெரபியும் நின்றுபோகும். உங்களைக் குறை சொல்லவில்லை, யாரும் சொல்லித் தராதபோது உங்களுக்கு எப்படித் தெரியும்?

கணவருக்கும் ஒரு பதில் இருக்கிறது. மலத்தைத் துடைக்கிற அந்த நேரத்தில்தான் முதுகுக்குக் கீழே, வால் எலும்பின் மேல், ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் நிறம் மாறியிருப்பது கண்ணில் படும். விரலால் அழுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் படுக்கைப்புண் ஆரம்பம். நம் நிறத்தில் சிவப்பு தெரியாமலும் போகும், சுற்றியுள்ள இடத்தைவிடக் கருத்து, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அங்கே எண்ணெய் தேய்க்கக் கூடாது, அந்த இடத்தில் எடை விழாமல் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். சுமார் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியிலும். இது அள்ளுகிற வேலை இல்லை, பார்க்கிற வேலை.

இன்னொன்று, கற்றுக்கொள்ள எனக்கே வருடக்கணக்கில் ஆனது. மறுவாழ்வுச் சிகிச்சையில், அதாவது இழந்த அசைவைத் திரும்பப் பழகும் சிகிச்சையில், இருப்பவருக்கு நாமே எல்லாம் செய்துவிடக் கூடாது. சட்டை போடும்போது அசைக்க வராத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். சொல்லிக்கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றால் போதும். எங்கள் வார்டில் ஒரு வாத்தியார் 4 பொத்தான் போட 20 நிமிடம் எடுத்துக்கொண்டார். மனைவி பொறுக்க முடியாமல் கையை நீட்டினார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எல்லாமே ஒரு ஓட்டை தள்ளித்தான் விழுந்திருந்தது. அன்றைக்கு முழுக்க அந்தச் சட்டையோடுதான் வராந்தாவில் நடந்தார். வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வுப் பிரிவை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். அவரைச் சுற்றியிருந்தவர்கள் பாவம் என்று படுக்க வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சரி, என்ன படிப்பது? ஜி.என்.எம். என்கிற நர்ஸிங் டிப்ளமா 3 வருடம், முடித்து நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் நர்ஸ். வீட்டுச் சூழல் இடம் கொடுத்தால் அதையே முயலுங்கள். இல்லையென்றால் சில மாதங்களில் முடியும் ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் மாதிரி பராமரிப்புப் பயிற்சிகள் உண்டு. பணம் கட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: எத்தனை நாள் வார்டில் நோயாளி பக்கத்தில் நிற்க வைப்பீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டும் நர்ஸும் வீடுகளுக்கே போகிறார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால் அவர்களிடம் பேசிப் பார்க்கலாம்.

பயிற்சி முடித்து ஏஜென்சிக்குப் போகும்போது வேலை நேரம், சம்பளம், விடுமுறை எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். ஊசி போடு, டிரிப் ஏற்று என்று அந்த வீட்டில் சொன்னால், அது பதிவு பெற்ற நர்ஸ் செய்ய வேண்டியது, நான் செய்ய மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.