மகனின் சேட்டிலைட் போன் ஏன் பாதியில் நிற்கிறது?

கேள்வி: லடாக்கில் பணிபுரியும் என் மகன் பி.எஸ்.என்.எல். டி.எஸ்.பி.டி. என்ற செயற்கைக்கோள் தொலைபேசிக் கருவியில் பேசும்போது ஐந்தாறு நிமிடத்தில் லைன் நின்றுவிடுகிறது. படைகளுக்கென்றே செயற்கைக்கோள்கள் இருந்தும் ஏன் இப்படி? பணம் கட்டினால் ‘முன்னுரிமை லைன்’ வாங்கித் தருவதாக வேலூரில் ஒருவர் சொல்கிறார், கட்டலாமா?
– ஒரு தந்தை, கம்மவான்பேட்டை

பதில்: கட்டாதீர்கள், ஐயா. யாருக்கு முன்னுரிமை என்பதைப் படைத் தலைமைதான் தீர்மானிக்கிறது. அதை வேலூரில் உட்கார்ந்துகொண்டு எவரும் விற்க முடியாது.

2013இல் ஏவப்பட்ட ஜிசாட்-7 கடற்படைக்காகவும், 2018இல் ஏவப்பட்ட ஜிசாட்-7ஏ விமானப்படைக்காகவும் செய்யப்பட்டவை; வீரர்கள் வீட்டுக்குப் பேசுவதற்காக அல்ல. எந்தச் செயற்கைக்கோளுக்கும் அலைவரிசை, மின்னாற்றல் என இரண்டு வரம்புகள் உண்டு. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சிறிய ஆன்டெனாவை எட்டுவதற்குக் கூடுதல் ஆற்றல் வேண்டும் என்பதால், அலைவரிசையில் இடம் மீந்திருக்கும்போதே ஆற்றல் தீர்ந்துவிடுவதுண்டு. ஆகவே பேசுபவருக்கு அந்த நேரத்துக்கு மட்டும் சேனலை, அதாவது அலைவரிசையில் ஒரு பங்கைக் கொடுத்து, முடிந்ததும் அடுத்தவருக்கு மாற்றுவதே சிக்கனமான முறை. ஆனால் தன் பெயருக்கு ஒருமுறை எழுதப்பட்ட சேனலை, அது சும்மா கிடந்தாலும், எந்தப் படைப்பிரிவுதான் மனமுவந்து விட்டுக்கொடுக்கிறது? மேலிடமும் பயன்பாட்டை அளந்து பாராமல் ஆண்டுதோறும் கையெழுத்திடும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. வான்தாக்குதல் எச்சரிக்கைக்கான சேனல் நாள் முழுதும் காலியாக இருந்தாலும் வீண் அல்ல. அதைக் குடும்ப அழைப்புகளுக்குக் கொடுத்துவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். திரும்ப எடுப்பதில் கழியும் சில விநாடிகளைக்கூட அங்கே இழக்க முடியாது. மற்றச் சேனல்களில் அப்படி எடுத்துக்கொள்வது வழக்கமே; ஆனால் அப்படி எடுத்தால் லைன் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நேரத்தில் நிற்கும். உங்கள் மகனுக்கோ ஒவ்வொரு முறையும் ஐந்தாறு நிமிடத்தில் நிற்பதால், முகாமில் ஆளுக்கு இத்தனை நிமிடம் என்று வைத்திருக்கிறார்களா என முதலில் அவரிடமே கேளுங்கள்.

தரகர் விஷயத்துக்கு வருகிறேன். 2017 அக்டோபரிலேயே வீரர்களுக்கான கட்டணம் நிமிடத்துக்கு 5 ரூபாயிலிருந்து 1 ரூபாயாகக் குறைக்கப்பட்டு, 500 ரூபாய் மாதக் கட்டணமும் நீக்கப்பட்டது. எனவே ‘மேல்கட்டணம்’ என்று எவர் கேட்டாலும் அது அவருடைய சொந்தச் செலவுக்குத்தான். இத்தகையவர்கள் அடுத்து துரயா, இரிடியம் என்ற வெளிநாட்டுச் செயற்கைக்கோள் கைப்பேசியைத் துபாய்ச் சரக்கு என்று நீட்டுவார்கள்; அனுமதியின்றி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம், மகனின் வேலைக்கும் அதனால் கேடு வரும். அவருடைய படை எண்ணையும் முகாமின் பெயரையும் ‘படிவத்துக்காக’ என்று கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஜிபே மூலம் முன்பணம் அனுப்பியிருந்தால், இன்றே இணையவழிப் பண மோசடிக்கான 1930 என்ற எண்ணில் புகார் பதியுங்கள்.