அவசரம் என்றால் சென்ட்ரிங்கைப் பிரிக்கலாமா?

கேள்வி: அண்ணா, ஓசூரில் சென்ட்ரிங் (கான்கிரீட் பலம் பிடிக்கும்வரை தாங்கும் தகடு, பலகை, முட்டு) வேலை செய்கிறேன். 16 அடி ஸ்பான் (தாங்கும் சுவர்களுக்கு இடையிலான தூரம்) ஹாலுக்கு 5 அங்குல ரூஃப் போட்டு ஐந்து நாள்தான் ஆகிறது. அடுத்த சைட்டுக்குத் தகடு வேண்டும், பிரித்துவிடு என்கிறார் காண்ட்ராக்டர். மாட்டேன் என்றால் ஆளை மாற்றிவிடுவார். என்ன செய்வது?
- வாசகர், பாலக்கோடு

பதில்: பிரிக்காதே தம்பி. கிருஷ்ணகிரி பக்கம் முட்டுக் கொடுத்தே தலை நரைத்தவன் சொல்கிறேன். ஆனால் கூலி போவது உனக்குத்தான், அதனால் அவரிடம் கணக்கோடு பேசு.

5 அங்குலத் தளம் ஒரு சதுரத்துக்கு (100 சதுர அடி) ஏறக்குறைய 3 டன். கான்கிரீட் பலம் பிடிக்கும்வரை அதைத் தாங்குவது முட்டுகள்தான். பில்லர், பீம் பக்கப் பலகை எடையைச் சுமப்பதில்லை, அதை ஒரு நாள் கழித்தே கழற்றலாம். அடிமுட்டு அப்படியில்லை. ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தர விதிப்படி தளத்தின் ஸ்பான் 4.5 மீட்டர் வரை 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள். பீம் என்றால் 6 மீட்டர் வரை 14, அதற்கு மேல் 21. உன் 16 அடி ஹால் ஏறக்குறைய 4.9 மீட்டர், 4.5-ஐத் தாண்டுகிறது, அதனால் 14 நாள். இதுவும் ஓ.பி.சி. என்ற சாதாரண சிமென்ட்டுக்கு, 15 டிகிரிக்குக் குறையாத வெப்பத்துக்குச் சொன்னது. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும், ஓசூர் மார்கழிக் குளிரில் இன்னும் மெதுவாக. அப்போது நாளைக் கூட்டித்தான் ஆகவேண்டும்.

"பக்கப் பலகைகளை இன்றே எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த சைட் தளத்துக்கு வாடகைத் தகடு எடுங்கள்" என்று சொல்லிப் பார். ஒன்பது நாள் வாடகை எங்கே, தொங்கிய ரூஃபை இடித்துப் போடும் செலவு எங்கே! கேட்கவில்லையா, வீட்டுக்காரர் காதிலும் இன்ஜினியர் காதிலும் போட்டுவை. அவர்களுக்குத் தெரியாமல் ஒரு ஆப்பைக்கூடத் தட்டாதே.

நாள் வந்தபின்னும் நிதானம் வேண்டும். ஹாலில் நடு முட்டில் தொடங்கிச் சுவர்ப் பக்கம் வா. ஜாக்கி மரையை ஒரேயடியாக இறக்காமல் கொஞ்சம் தளர்த்தி, தளம் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி தளர்த்து. சன்ஷேடுக்கு நடுவில் தொடங்கக்கூடாது: வெளி முனையில் தொடங்கிச் சுவரை நோக்கி வரவேண்டும். முனையில் முட்டு ஒன்றை விட்டுவிட்டு உள்ளே கழற்றினால் பாரம் தப்பான பக்கம் திரும்பி அடிப்பக்கம் விரிசல் விடும். கழற்றும்போது அடியில் வேறு யாரும் நிற்கக்கூடாது, மேலே செங்கல், மூட்டை எதுவும் இருக்கக்கூடாது.

அப்புறம், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாயா? விபத்துக்கு உதவித்தொகை உண்டு. இல்லையென்றால் இந்த வாரமே பதிந்துவிடு.