அறுவடை நிலத்தில் மேய்ச்சல்: மூடிய வழியைத் திறக்க

வணக்கம். பல ஆண்டுகளாக அறுவடை முடிந்த வயல்களில் மேய்ந்துவந்த உங்கள் ஆடுகளை, நிலத்தை வாங்கிய புதியவர் வேலியிட்டுத் தடுத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் கனத்தது. வழக்கத்தை உரிமையென்று வாதிடுவதற்கு முன், அவருடைய அச்சம் என்னவென்று நேரில் கேளுங்கள். பெரும்பாலும் அது ஈர மண்ணைப் பற்றியதாகவே இருக்கும்: மழைக்கு மறுநாள் குளம்பு பதிந்த இடம், காய்ந்ததும் ஓடுபோல இறுகி, அடுத்த விதைப்பில் முளைப்பைக் கெடுக்கும். ஆகவே நிலம் காய்ந்த நாட்களில் மட்டும் மேய்ப்பது, புழுக்கையும் சிறுநீரும் வயல் முழுவதும் சேரும்படி இரவுக்கிடையை (இரவில் ஆடுகளை வயலில் அடைத்துவைக்கும் இடத்தை) இடம் மாற்றி அமர்த்துவது, தண்ணீருக்குச் செல்லும் தடம் எது என்பது ஆகியவற்றைத் தேதிகளோடு எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். அந்தத் தடம் நில ஆவணத்தில் பொதுவழியாகப் பதிவாகியுள்ளதா என்றும் பாருங்கள். கடைசியாகத் தெளித்த பூச்சிமருந்து எது, எப்போது என்பதையும் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் மிகக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அறுத்த சோளக்கட்டையில் துளிர்க்கும் இளந்தளிரில் சயனைடு நஞ்சு உண்டாகும்; பசித்த ஆடுகள் அதை மேய்ந்தால் சிறிது நேரத்திலேயே இறந்துவிடக்கூடும். அனுமதி கிடைத்தாலும், துளிர் விட்ட சோள வயலில் ஆடுகளை இறக்காதீர்கள்.