ஆக்டோபஸ் எங்கே இருக்க வேண்டும்? உங்கள் மச்சானைக் கேளுங்கள்

கடலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நானும் என் மச்சானும் சென்ற ஆண்டு புதுச்சேரியில் ஸ்கூபா பயிற்சி முடித்தோம். இப்போது சொந்தமாக, சிலிண்டர் வால்வுக்குள் திருகி மாட்டும் டின் (DIN) வகை ரெகுலேட்டரும் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) பிசிடியும் (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கி) வாங்கியிருக்கிறேன். மச்சான் இன்னும் வாடகை உபகரணம்தான். வீடியோக்களில் பார்த்தபடி 7 அடி நீள ஹோஸ் மாட்டி, ஆக்டோபஸை (ஜோடிக்குக் காற்று தீர்ந்தால் கொடுக்கும் உபரி ரெகுலேட்டர்) கழுத்தில் தொங்கவிட நினைக்கிறேன். கத்தியைக் காலில் கட்டவும் ஆசை. பயிற்சியாளர், சொல்லிக் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். நண்பர், அவரவர் வசதிதான் என்கிறார். யார் சொல்வது சரி? இன்னொன்று, மூழ்குவதற்காக 8 கிலோ எடை போடுகிறேன். அது அதிகமா?"

இரண்டு பேரும் பாதி பாதி சரி. நான் கோடு கிழிப்பது இப்படி. ஆபத்து நேரத்தில் உங்களோடு இறங்கும் ஜோடியின் கை தேடி வரக்கூடிய பொருள் எதுவோ, அது அவருக்குத் தெரிந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். உங்கள் கை மட்டும் தொடுகிற பொருளை உங்கள் வசதிப்படி வைத்துக்கொள்ளலாம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல வருடம் முன்பு என் ஆக்டோபஸ் அடிக்கடி கிளிப்பிலிருந்து கழன்று ஆடிக்கொண்டே இருந்தது. எரிச்சலில் அதைப் பிசிடியின் வலது பையில் திணித்து வெல்க்ரோவை ஒட்டிவிட்டேன். புதுச்சேரிக்கு எதிரே சுமார் 12 மீட்டர் ஆழம். அன்றைக்குத் தண்ணீர் கலங்கல், இரண்டு கை நீளத்துக்கு மேல் கண் போகவில்லை. பயிற்சிக்காக என் ஜோடி "காற்று இல்லை" என்று சைகை காட்டிவிட்டு நேராக என் நெஞ்சுக்குக் கையை நீட்டினார். அங்கே ஒன்றுமில்லை. கை தடவித் தடவி இடது தோளுக்குப் போய், பிசிடியில் காற்று அடைக்கும் இன்ஃப்ளேட்டர் ஹோஸைப் பிடித்து இழுத்தது. நான் வெல்க்ரோவைப் பிய்த்து, மடங்கிக் கிடந்த ஹோஸை நிமிர்த்தி அவர் கையில் கொடுப்பதற்குள் அவர் பொறுக்க முடியாமல் தன் ரெகுலேட்டரையே திரும்ப வாயில் வைத்துக்கொண்டார். அவர் சிலிண்டரில் காற்று இருந்தது, பிழைத்தோம். படகில் ஏறியதும் ஒன்றே ஒன்று சொன்னார்: "அண்ணே, நான் உங்க நெஞ்சுலதான் தேடுவேன்."

மஞ்சள் நிற ஆக்டோபஸை மோவாய்க்கும் விலாவின் இரண்டு கீழ் ஓரங்களுக்கும் இடைப்பட்ட முக்கோணத்தில் மாட்டச் சொல்வது இதற்காகத்தான். வெயிட் பெல்ட்டின் பக்கிள் வலது கையால் கழற்றும்படி இருப்பதும், இன்ஃப்ளேட்டர் இடது தோளில் இருப்பதும் அதே கணக்கு. உங்களை அறியாத ஒருவர்கூட மயங்கிய உங்களை மேலே கொண்டுவர முடிய வேண்டும்.

இனி 7 அடி ஹோஸ். அது ஃப்ளோரிடாவின் நீர்க்குகைகளில் இறங்கியவர்களிடமிருந்து வந்த பழக்கம். குறுகலான பாதையில் இருவர் அக்கம்பக்கமாக நீந்த முடியாது, ஒருவர் பின் ஒருவராகத்தான் வெளியே வர வேண்டும். அதற்கு நீண்ட ஹோஸ். அந்த முறையில் உங்கள் வாயில் இருப்பதையே கழற்றிக் கொடுத்துவிட்டு, கழுத்தில் ரப்பர் கயிற்றில் தொங்குகிற இரண்டாவதை நீங்கள் வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பிடித்த ஏற்பாடுதான். பதறுகிறவருக்குக் கிடைப்பது நிச்சயமாக வேலை செய்கிற ரெகுலேட்டர், ஏனென்றால் ஒரு நொடி முன்புவரை நீங்களே அதில் சுவாசித்தீர்கள். ஆனால் உங்கள் மச்சான் கற்றது மஞ்சளைத் தேடுவதை. உங்கள் மஞ்சளோ மோவாய்க்கு அடியில் குட்டை ஹோஸில் இருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் இரண்டு பேர் முகமும் முட்டிக்கொள்ளும்.

ஆகவே வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். திறந்த கடலில் அவ்வளவு நீளம் தேவையும் இல்லை. ஆசை விடவில்லை என்றால் 5 அடி ஹோஸ் போதும், வலது கைக்கு அடியில் கொண்டுவந்தால் சுற்றிச் செருக வேண்டியதில்லை. எதுவானாலும் முதலில் நீச்சல் குளத்தில் இருவரும் பத்துப் பதினைந்து முறை கொடுத்து வாங்கிப் பழகுங்கள். ஒரே நாளில் ஹோஸ், கத்தி, எடை என்று மூன்றையும் மாற்றாதீர்கள். வேறொருவரோடு இறங்கினால் படகிலேயே தொட்டுக் காட்டுங்கள்: "காற்று வேண்டுமென்றால் என் வாயில் இருப்பதைத் தருவேன்." அரை நிமிட வேலை.

கத்தி உங்கள் சொந்த விஷயம். ஆனாலும் காலில் வேண்டாம். நம் கடலில் சுறாவை வெட்டவா கத்தி? அறுந்துபோன தங்கூஸ் (நைலான் நரம்பு) வலைக்குத்தான் கத்தி. கடலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அது தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. பாறையிலும் செயற்கைத் திட்டுகளிலும் சிக்கிக் கிடக்கும். கெண்டைக்காலின் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பிடிதான் முதலில் அதில் மாட்டும். கால் மாட்டிய பிறகு குனிந்து கத்தியை எடுப்பது எப்படி? சின்ன நூல்வெட்டி ஒன்றை மார்புப் பட்டையிலோ இடுப்பிலோ, இரண்டு கைக்கும் எட்டும்படி வையுங்கள். சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் அழுத்தமானியை இடது இடுப்பில் கிளிப் போட்டு மாட்டுங்கள், தரையில் இழுபட வேண்டாம்.

நீங்கள் இருக்கும் இடத்தைப் படகுகளுக்குக் காட்டும் மேற்பரப்பு மிதவை எந்தப் பையில் இருந்தாலும் சரி, ஆனால் இருந்தே ஆக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நிற்கும், நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லை, ஆகவே அப்போதும் கடலில் படகு ஓடும். மீனவர்கள் நீவாடு என்கிற நீரோட்டம் உங்களை படகிலிருந்து தள்ளிக் கொண்டுபோய்விட்டால், தலை மட்டும் தெரிகிற ஆளை ஃபைபர் படகுக்காரர் எப்படிப் பார்ப்பார்?

எடை விஷயத்தில் பிடித்தது பிடிக்காதது என்று ஒன்றும் இல்லை, அளந்து பார்ப்பதுதான். 8 கிலோ அதிகமா என்று உங்களைப் பார்க்காமல் சொல்ல முடியாது. அடுத்த முறை மேலே வந்ததும், சிலிண்டரில் 50 பார் அழுத்தம் இருக்கும்போது, பிசிடியை முழுக்கக் காலி செய்து அசையாமல் நில்லுங்கள். சாதாரணமாக மூச்சை இழுத்து நிறுத்தினால் தண்ணீர் கண்மட்டத்தில் நிற்க வேண்டும், விட்டால் மெல்ல அமிழ வேண்டும். கல் மாதிரி இறங்கினால் ஒரு கிலோ கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இதை முழுச் சிலிண்டரோடு பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டரில் 150 பார் செலவானால் ஏறக்குறைய 2 கிலோ காற்று போயிருக்கும், கடைசியில், மேலே வருமுன் சற்று நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தில் உடம்பு மேலே தூக்கும். குளத்தில் சரியாக இருந்த எடையும் கடலில் போதாது. ஆளும் உபகரணமும் சேர்ந்து 100 கிலோ என்றால் உப்புத் தண்ணீரில் 2 முதல் 3 கிலோ கூடுதலாக வேண்டும்.

"எதற்கும் இருக்கட்டும்" என்று 2 கிலோ சேர்ப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்த எடையைச் சமாளிக்க பிசிடியில் கூடுதல் காற்று அடைக்க வேண்டும். 10 மீட்டரிலிருந்து மேலே வருவதற்குள் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். உங்களை வேகமாக மேலே தள்ளுவது அதுதான்.

அப்புறம், உங்களுடையது டின் ரெகுலேட்டர் என்பதால், போகிற இடத்தில் சிலிண்டர் வால்வு யோக் வகையா (ரெகுலேட்டரை வெளியிலிருந்து கவ்வி இறுக்கும் வகை) என்று முதல் நாளே போனில் கேட்டுவிடுங்கள். யோக் என்றால் ஒரு அடாப்டர் வேண்டும், கூடவே கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் இரண்டும் பையில் இருக்கட்டும்.