புற்றுநோயையும் பருவநிலை மாற்றத்தையும் சேர்த்து ஆராய்வது ஒரு வேலையா? (கேட்டவர் காரைக்குடி மாணவி)

வேலைதான். நோய் ஏன் வருகிறது என்பது பாதிக் கேள்வி. புயல், வெள்ளம் போன்ற பருவநிலைச் சீற்றங்களின்போதும் வந்தவருக்குச் சிகிச்சை தடையில்லாமல் கிடைக்கிறதா என்பது மீதி. கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள், பல வாரம் ஓடும். செட்டிநாட்டுக் கிராமத்திலிருந்து மதுரைக்குத் தினமும் பஸ் பிடிக்கும் ஆச்சியை நினைத்துப் பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டைப் பக்கம் மரங்களைச் சாய்த்து, மின்சாரத்தையும் நிறுத்தியதே, அந்த வாரம் அவர் எப்படிப் போவார்? கார் இருப்பவர், மதுரையில் சொந்தக்காரர் வீடு இருப்பவர் சமாளித்துவிடுவார். இந்த இடைவெளியை அளப்பதுதான் தொழில். சிகிச்சையின் நடுவில் சூறாவளியில் சிக்கிய நுரையீரல் புற்றுநோயாளிகள் மற்றவர்களைவிடக் குறைந்த காலமே உயிர்வாழ்ந்ததை 2019இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

சரி, படிப்பு? டாக்டராக வேண்டியதில்லை. புள்ளியியல் கட்டாயம், அப்புறம் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை, முனைவர் பட்டம்.