பழைய எஸ்.எம்.பி.எஸ்-ஸில் பேட்டரி சார்ஜ் செய்யலாமா?

கேள்வி: பழைய டெஸ்க்டாப்பைப் பிரித்துப் போட்டுவிட்டோம், அதிலிருந்த 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) மட்டும் நன்றாக இருக்கிறது. நான் ரிமோட்டில் பறக்கும் ஆர்.சி. விமானம் விடுகிறவன். அதன் 12 வோல்ட்டை என் 3 செல், 2200 எம்.ஏ.எச். லித்தியம் பாலிமர் பேட்டரிக்கு நேராகக் கொடுக்கலாமா?
— வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: நேராகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். உங்கள் பேட்டரி நிரம்பும்போது செல்லுக்கு 4.2 வீதம் 12.6 வோல்ட்டில் நிற்கும், 12 வோல்ட்டால் அதை நிரப்பவே முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், காலி பேட்டரியை மாட்டினால் கரண்ட்டை அளவோடு விடுவதற்கு எஸ்.எம்.பி.எஸ்-ஸில் எந்த ஏற்பாடும் இல்லை, மூன்று செல்லும் சமமாக ஏறுகிறதா என்றும் அதற்குத் தெரியாது. அந்த வேலையைச் செய்ய நடுவில் ஒரு பேலன்ஸ் சார்ஜர் வேண்டும். 11 முதல் 18 வோல்ட் டி.சி. வாங்கிக்கொள்ளும் 50 வாட் சார்ஜர், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் தேடினால் கிடைக்கும், அதற்குக் கரண்ட் கொடுக்க உங்கள் எஸ்.எம்.பி.எஸ். தாராளமாகப் போதும். 2.2 ஆம்பியரில் சார்ஜ் செய்தால் பேட்டரிக்குப் போவது 28 வாட்தான், சார்ஜரில் வீணாவதைச் சேர்த்தாலும் 12 வோல்ட் பக்கம் 3 ஆம்பியர் இழுக்கும், அவ்வளவுதான்.

ஆன் செய்வது எளிது. மதர்போர்டுக்குப் போகும் பெரிய பிளக்கில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்று இருக்கும், அதைப் பக்கத்துக் கறுப்போடு சேர்த்தால் ஃபேன் சுற்றும். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு கிரவுண்ட். மஞ்சளில் மூன்று நான்கு, கறுப்பில் அதே அளவு சேர்த்து முறுக்கி, சால்டர் வைத்து, சார்ஜரின் ஒயரைச் செருகும் பனானா சாக்கெட்டுக்குக் கொண்டுபோங்கள். மெல்லிசாகப் பழுப்பு ஒயர் ஏதாவது ஆரஞ்சோடு ஒரே துளையில் இருந்தால் அதை வெட்டிவிடாதீர்கள், 3.3 வோல்ட் சரியாக இருக்கிறதா என்று எஸ்.எம்.பி.எஸ். பார்த்துக்கொள்வது அதன் வழியாகத்தான்.

இவ்வளவும் செய்த பிறகு பலர் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு, நானும் மாட்டிக்கொண்டேன். சார்ஜரை மாட்டாதபோது மீட்டர் 12.1 காட்டியது, சார்ஜ் ஆரம்பித்ததும் 11-க்கும் கீழே இறங்கி, இன்புட் வோல்டேஜ் குறைவு என்று சார்ஜர் பீப் அடித்து நின்றுவிட்டது. எஸ்.எம்.பி.எஸ். கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். பழைய மாடல்கள் பல 5 வோல்ட்டைப் பார்த்துத்தான் தன்னைச் சரி செய்துகொள்ளும், அங்கே லோடே இல்லையென்றால், அதாவது கரண்ட் இழுக்க எதுவும் இல்லையென்றால், 12 தொய்ந்துவிடும். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் 10 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டேன், 11.8-க்கு ஏறி அங்கேயே நின்றது. ரெசிஸ்டர் சூடாகும், பிளாஸ்டிக்கில் ஒட்ட வைக்காமல் ஃபேன் காற்று படுகிற இடத்தில் வையுங்கள்.

பெட்டியைத் திறக்கத் தேவையே இல்லை. உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். அப்புறம், கறுப்பு ஒயர் பெட்டியோடும் எர்த்தோடும் சேர்ந்தது, ஆகவே எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட்டிலேயே மாட்டுங்கள். வாடகை வீட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: மகன் இதே மாதிரி பேட்டரியை ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறான். ஒரு பேட்டரி லேசாக உப்பியிருக்கிறது. பயமாக இருக்கிறது.
— வாசகி, ஜாலஹள்ளி, பெங்களூரு

பதில்: உங்கள் பயம் சரியானதுதான் அம்மா. உப்பிய பேட்டரியை இன்றைக்கே ஓரங்கட்டுங்கள், இனி அதில் சார்ஜ் ஏற்றவே கூடாது, குப்பையிலும் போடாமல் இ-வேஸ்ட் எடுப்பவர்களிடம் கொடுங்கள். மற்றதை அவன் விழித்திருக்கும்போது, மெத்தை, திரைச்சீலை இல்லாத தரையில், மண் சட்டிக்குள் வைத்து ஏற்றட்டும். ஒரு வாரம் பறக்கவிடப் போவதில்லை என்றால் முழுதாக நிரப்பி வைக்காமல் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தச் சொல்லுங்கள், சார்ஜரில் அதற்கென்றே ஸ்டோரேஜ் மோடு இருக்கும்.