வேலையை விட்டுவிட்டு வந்த மகன்: அம்பாசமுத்திரத்து அண்ணாச்சிக்கு

அண்ணாச்சிக்கு வணக்கம்.

"நல்ல சம்பளத்துல இருந்த வேலையை விட்டுட்டு வந்து வீட்ல சும்மா கெடக்கான். இவன் உருப்படுவானா, மாட்டானா?" என்று கேட்டிருந்தீர்கள். உருப்படுவான். இதை உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. தம்பியிடம் தனியாக நெடுநேரம் பேசிவிட்டுத்தான் சொல்கிறேன். அவன் என்னிடம் சொன்னவற்றில் எதையெல்லாம் உங்களுக்கு எழுதலாம் என்று அவனிடமே கேட்டுக்கொண்டேன். அவன் சரி என்றதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சென்னை வேலையைப் பார்ப்போம். மெக்கானிக்கல் படித்தவன் கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைத்தது என்று ஒரு சப்போர்ட் வேலையில் சேர்ந்தான். ராத்திரி ஷிப்ட். வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் புகார்களைப் படித்து, இது எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று பார்த்துத் தள்ளிவிட வேண்டும். கோளாறை யார் சரிசெய்தார்கள், எப்படிச் சரியானது என்பது அவனுக்குத் திரும்பி வராது. "சேர்ந்த அன்னைக்கு என்ன தெரிஞ்சுதோ, வருசம் கழிச்சும் அதுதான் சார் தெரியுது" என்றான். அவன் வேலையை விட்டதற்கான காரணம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. இது சோம்பேறித்தனம் இல்லை அண்ணாச்சி. கற்றுக்கொள்வதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் துடிப்பான பையன் வாடிப்போவான். சோம்பேறிக்கு அந்த இடம் சுகமாக இருந்திருக்கும்.

ஐ.டி. வேலையே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அதில் மேலே மேலே வளர்ந்திருக்கிறார்கள். இவனுக்குக் கிடைத்த மேசை வளர விடாத மேசை, அவ்வளவுதான்.

அடுத்து நான் அவனிடம் கேட்டது, ஊருக்கு வந்த பிறகு என்ன செய்தாய் என்று. "ஒண்ணும் செய்யல" என்றுதான் ஆரம்பித்தான். கிண்டிக் கேட்டதும் வீரவநல்லூரில் அவன் தாய்மாமனின் ரைஸ் மில் கதை வந்தது. அங்கே ஒரு மிஷினில் பேரிங் அடிக்கடி சூடேறிப் போய்க்கொண்டிருந்ததாம். மாற்றி மாற்றிப் போட்டும் நிற்கவில்லை. தம்பி போய்ப் பார்த்தபோது பெல்ட்டின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்திருக்கிறது. என் மேசையிலிருந்த இரண்டு பேனாவை எடுத்து வைத்து, இது மோட்டார் தண்டு, இது மிஷின் தண்டு என்று காட்டினான். இரண்டு புல்லியும் ஒரே நேர்கோட்டில் இல்லை. ஒரு நூலை இழுத்துப் பிடித்து இரண்டு புல்லியின் முகத்திலும் வைத்துப் பார்த்தால் நாலு இடத்திலும் தொட வேண்டும், தொடவில்லை. மோட்டாரின் போல்ட்டைத் தளர்த்தி, கொஞ்சம் நகர்த்தி, திரும்ப நூல் பிடித்து, இறுக்கிவிட்டு வந்திருக்கிறான். அதற்குப் பிறகு பேரிங் சூடேறவில்லை. இதைச் சொல்லும்போது பேனாவை அரை விரல் தள்ளித் தள்ளிக் காட்டினான். அதுவரை தரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து உட்கார்ந்து பேசினான். நான் குறுக்கே கேட்ட கேள்விக்கெல்லாம் யோசிக்காமல் பதில் சொன்னான்.

இந்த ரைஸ் மில் விஷயம் உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்று நினைக்கிறேன். அவனும் இதை ஒரு வேலையாகக் கணக்கில் சேர்க்கவில்லை, ஏனென்றால் யாரும் சம்பளம் தரவில்லை.

இன்னொன்றும் சொன்னான். கேட்டு நானே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். "அப்பா கடையில சலிச்சுப்போய் உக்காந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்ல" என்றான். யாருக்கு எந்த அரிசி பிடிக்கும், எந்த வீட்டில் கல்யாணம் வருகிறது, எந்த மாதம் யார் கடனைத் திருப்புவார்கள் என்று உங்களுக்குத் தெரிவதையெல்லாம் வரிசையாகச் சொன்னான். "என் பாடு என்னோட போகட்டும், பிள்ளைக்கு இந்தக் கடை வேண்டாம்" என்று நீங்கள் சொல்லிச் சொல்லி வளர்த்தீர்கள். அவன் பார்த்ததோ வேறு. தன் சோலியில் கை தேர்ந்த ஒரு மனிதர், தான் இல்லாவிட்டால் நாலு பேருக்குச் சிரமம் என்று தெரிந்த ஒரு மனிதர். அப்படி ஒரு வேலை தனக்கும் வேண்டும் என்றுதான் ஊர் திரும்பியிருக்கிறான். உங்கள் கடையைக் கேட்கவில்லை. உங்களுக்குக் கடையில் கிடைத்ததைக் கேட்கிறான்.

இத்தனை வருடமாக வேலை, படிப்பு என்று வருகிறவர்களிடம் பேசிப் பேசி எனக்கு உறுதியானது இதுதான். மனநிறைவு என்பது சரியான கோர்ஸையோ பெரிய கம்பெனியையோ தேர்ந்தெடுத்த உடனே கிடைப்பதில்லை. ஒரு வேலையில் ஆண்டுக்கு ஆண்டு கை திருந்த வேண்டும், அந்தக் கைத்திறன் யாருக்காவது தேவைப்பட வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் சம்பளமும் பின்னாலேயே வரும், மனசும் நிற்கும். எனக்கு எதில் ஆர்வம் என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. கொஞ்சம் கை தேர்ந்த பிறகுதான் பலருக்கும் ஆர்வமே பிறக்கிறது.

சரி, தம்பி விஷயத்தில் என்ன செய்யலாம்? அவன் கை போகிற பக்கம் மெயின்டனன்ஸ், அதாவது மிஷின்களைப் பழுது பார்த்துப் பராமரிக்கிற வேலை. அதற்கு நம் திருநெல்வேலிச் சீமை நல்ல இடம். கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் டயர் ஆலை இருக்கிறது, டாடா பவரின் சோலார் செல் ஆலை இருக்கிறது. தாழையூத்தில் சிமெண்ட். கயத்தாறு, பணகுடி, ராதாபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற காலத்தில்தான் அவற்றுக்குப் பெரும்பாலான வருமானம். அந்த நேரத்தில் ஒரு காற்றாலை நின்றுபோனால் முதலாளிக்குத் தூக்கம் வராது. அதனால் சீசனுக்கு முன்னாலேயே பழுது பார்க்கிற ஆட்களைத் தேடுவார்கள். ஒன்று மட்டும், உயரம் ஏறப் பயப்படுகிறவர்களுக்கு அது சரிவராது. புதிய கோபுரங்கள் 80 மீட்டருக்கும் மேல் நிற்கின்றன. தம்பியிடம் இதைக் கேட்டேன், ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றான். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

கூடங்குளமும் மகேந்திரகிரியும் உங்கள் மனதில் இருக்கும், எல்லா அப்பாக்களுக்கும் இருக்கிறது. மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்தில் ஐ.டி.ஐ., டிப்ளமோ, பி.இ. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத்தான் பணியிடம் அறிவிப்பார்கள். கூடங்குளத்தை நடத்தும் அணுமின் கழகம் பி.இ. முடித்தவர்களை கேட் (GATE) என்ற பொறியியல் தேர்வின் மதிப்பெண் வைத்து எடுக்கிறது. கேட் மதிப்பெண் 3 ஆண்டு செல்லும், ஆனால் வயது வரம்பு இறுக்கமானது. தம்பி எழுதுவதாக இருந்தால் அடுத்த தேர்வுக்கே எழுத வேண்டும். முயற்சி செய்யட்டும், அதையே நம்பி இருக்க வேண்டாம்.

இந்த வேலையில் படிக்கட்டு உண்டு என்பதுதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. ரைஸ் மில்லில் நூல் பிடித்துச் செய்ததைப் பெரிய ஆலைகளில் லேசர் கருவி வைத்துச் செய்கிறார்கள். மிஷினின் அதிர்வை அளந்து, எந்த பேரிங் எப்போது போகும் என்று முன்கூட்டியே சொல்கிற வைப்ரேஷன் அனலிஸ்ட் என்ற வேலை இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 18436-2 என்ற தரத்தின்படி அதற்கு 4 நிலைகளில் சான்றிதழ். சில மாத அனுபவத்தோடு முதல் நிலை எழுதலாம், நான்காம் நிலைக்குப் பல ஆண்டு ஆகும். இதைச் சொன்னதும் தம்பி தன் போனில் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டான்.

தொடக்கத்துக்கு அப்ரன்டிஸ் நல்ல வாசல். நேட்ஸ் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் பதிந்துகொண்டால் பி.இ. படித்தவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி கிடைக்கும், உதவித்தொகையும் உண்டு. ஏற்கெனவே வேலை பார்த்தவனுக்கு இதில் இடம் உண்டா என்பதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். தென்மாநிலங்களுக்கான அதன் அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது, பதிவு ஆன்லைனில்தான். படிப்பு முடித்துக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் சேர வேண்டும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. கூடவே மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்கும் போய் வரட்டும்.

பணம் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் சென்னைச் சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் வரும். ஊரில் சொல்லிக்கொள்ள உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் அங்கே அறை வாடகை, மெஸ், போக்குவரத்து போக மாதக் கடைசியில் கையில் எவ்வளவு நின்றது என்று தம்பியோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கணக்கு உங்களுக்குக் கைவந்த கலை.

குரூப் 4 பற்றி. தம்பி இப்போது அந்தப் புத்தகங்களை வைத்துக்கொண்டுதான் அறைக்குள் இருக்கிறான். அரசு வேலையை மதிக்கிறவன் நான், எத்தனையோ குடும்பத்தை அது தூக்கி நிறுத்தியிருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்புத் தகுதிக்கான அந்தத் தேர்வைப் பல லட்சம் பேர் எழுதுகிறார்கள், இடங்கள் சில ஆயிரம். 3 மணி நேரத்தில் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் பாதி தமிழ். தமிழில் 40 சதவீதம் வராவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். முழு மனதோடு படிக்கிறவர்களே திணறுகிற இடத்தில், தம்பி ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நிற்கிறான். உண்மையில் படிக்க விருப்பமா, இல்லை "என்ன செய்றே" என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு பதிலா என்று கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து, "பதில்தான் சார்" என்றான். அந்த நேர்மைக்காகவே இந்தப் பையனை நம்பலாம். அரசு வேலைதான் என்று முடிவு செய்தால், அவன் படிப்புக்குப் பொருந்தும் ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் தேர்வை எழுதட்டும். வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் வகுப்புகள் இலவசம். அறையில் தனியே கிடப்பதைவிட அங்கே நாலு பேரோடு உட்கார்ந்து படிப்பது எவ்வளவோ மேல்.

துபாயிலிருக்கும் உங்கள் சொந்தக்காரர் விசிட் விசாவில் வரச் சொன்னதாகச் சொன்னீர்கள். வேண்டாம். வளைகுடாவுக்குப் போவதில் தவறில்லை, ஆனால் வேலை விசாவும் கையெழுத்தான ஒப்பந்தமும் இல்லாமல் விமானம் ஏறக் கூடாது. ஏஜென்ட் மூலம் என்றால் அவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். அவர்கள் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். லட்சக்கணக்கில் கேட்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். மெயின்டனன்ஸில் 3, 4 வருட அனுபவத்தோடு போனால் அதே துபாயில் மரியாதை வேறு.

மதினியிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். தம்பி ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான், சாப்பாடு எப்படி? ராத்திரி ஷிப்டில் இருந்தவர்களுக்குத் தூக்கம் பழைய நிலைக்குத் திரும்ப நாள் பிடிக்கும். அவனிடம் கொஞ்சம் சோர்வு தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே தூக்கமில்லாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு அழைக்கலாம், இலவசம், தமிழில் பேசுவார்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் போகிற மாதிரி போய்வர வேண்டிய இடம்தான், இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

வீட்டில் நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. கடை அடைத்துவிட்டு வந்ததும் "இன்னைக்கு என்ன படிச்சே" என்று கேட்பதை நிறுத்துங்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, நீங்கள் வருவதற்கு முன்பே சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய்விடுகிறான். அவனே சொன்னான், எழுதலாம் என்றும் சொன்னான். அதற்குப் பதிலாக ரைஸ் மில் கதையைக் கேளுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் கேளுங்கள். சித்தப்பா மகன் பெங்களூரில் கார் வாங்கிய செய்தியைக் கொஞ்ச நாளைக்கு அவன் காதுபடப் பேச வேண்டாம்.

வியாழக்கிழமை காலை ரயிலில் மூவரும் வாருங்கள். கடையை ஒரு நேரம் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு மதினியையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். தம்பி தன் பட்டச் சான்றிதழ், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், பழைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டர், பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண், ஆதார் இவற்றை எடுத்து வரட்டும். ரிலீவிங் லெட்டர் இன்னும் வரவில்லை என்று சொன்னான். இன்றைக்கே அவர்களுக்கு ஒரு மெயில் போடச் சொல்லுங்கள். நேட்ஸில் அவனுக்கு இடம் உண்டென்றால் பதிவை இங்கேயே உட்கார்ந்து முடித்துவிடலாம், மில்லில் செய்த வேலையை பயோடேட்டாவில் எப்படி எழுதுவது என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுவோம்.